பட்டாளத்து வாத்தியார்

வேலூர்ப் பக்கம் வீட்டுக்கு ஒருவரைப் படைக்கு அனுப்பிய ஊர்கள் உண்டு. அப்படியோர் ஊரில் பிறந்து, 1962 சீனப் போரின் சூடு ஆறுமுன் ஆளெடுப்பு வரிசையில் போய் நின்று, குன்னூரை அடுத்த வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்டின் பயிற்சி முடித்து, 1965, 1971 என இரண்டு போர்களைக் கண்டு, இளவயதிலேயே பென்ஷனோடு ஊர் திரும்பி, அஞ்சல்வழியில் பட்டம் வாங்கி, அரசுப் பள்ளியில் வரலாற்று ஆசிரியராக அமர்ந்து ஓய்வுபெற்ற நம் பட்டாளத்து வாத்தியார் போய்விட்டார்.

தாம் கண்ட போர்களை அவர் வகுப்பில் சொன்னதே இல்லை. 1971 வரும் பக்கத்தைப் புத்தகத்தில் உள்ளபடி வாசித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். ஆனால் 1806 ஜூலை 10 விடியுமுன் வேலூர்க் கோட்டைக்குள் எழுந்த சிப்பாய்களைச் சொல்லத் தொடங்கினால் மணி அடித்ததும் தெரியாது. அவர்களில் பலருடைய பெயர்கூட நமக்கு எஞ்சவில்லையே என்பது அவருக்குக் கடைசிவரை ஆறாத குறை. அந்தக் கிளர்ச்சியின் 200ஆம் ஆண்டில் வந்த அஞ்சல்தலையை வாங்கக் காலையிலேயே தபால் நிலையத்தில் போய் நின்றவர் அவர்.

அஞ்சல்தலைகள், நாணயங்கள், ரோஜாப் பதியன், சிற்றலை வானொலி என்று ஓய்வில்லாத ஓய்வுக்காலம் அது. அறுகோண மூன்று பைசாவும் சதுர ஐந்து பைசாவும் அவருடைய டப்பாவில் துடைத்த பளபளப்போடு இருந்தன. 1941இல் தொடங்கிய பிபிசி தமிழோசை 2017 ஏப்ரல் 30 இரவோடு வானொலியில் நின்றபோது, அவர் வீட்டு வானொலிக்கு உறை போட்டாயிற்று.

இவை எல்லாவற்றுக்கும் மேலே நடுகற்கள். செங்கம் பக்கத்து வயல் வரப்புகளிலும் ஏரிக்கரைகளிலும், வேடியப்பன் என்று ஊரார் கும்பிடும் கற்களைத் தேடி, ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் நம்மையும் கூட்டிக்கொண்டு போவார். கல்லுக்கு உரியவர்களிடம் அனுமதி கேட்டு, பாசியை மெல்லத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை மேலே போர்த்தி, எழுத்தின் பள்ளத்துக்குள் தாள் இறங்கும்வரை தூரிகையால் தட்டித் தட்டி, ஈரம் பாதி வாங்கியதும் துணிப்பொதியால் மை ஒற்றுவார். கறுப்பில் வெள்ளையாய் வட்டெழுத்து எழும். பல்லவ மன்னன் இன்னானின் இத்தனையாவது ஆட்சியாண்டு, இன்ன ஊர்த் தொறுவைக் கவர்ந்து போனபோது மீட்டுப் பட்டவன் இன்னான் என்று அவர் எழுத்துக்கூட்டிப் படிப்பார். தாள் கிழிந்தால் கோபிக்கமாட்டார், இன்னொன்றை நனைப்பார்.

"ராஜாவுக்கு எத்தனையோ கல்வெட்டு. இவனுக்கு இது ஒண்ணுதான். பேரை ஒரு தடவை வாய்விட்டுப் படிங்கடா," என்பார். நாம் படிப்போம். மாடு மீட்கப் போய் மாண்டவனின் பெயர் ஆயிரத்து நானூறு ஆண்டுக்குப் பிறகு அந்த வரப்பில் ஒலிக்கும். தாம் யாரை எங்கே விட்டு வந்தார் என்பதைச் சொல்லாத மனிதர் அந்த நேரத்தில் மட்டும் விறைத்து நிமிர்ந்து நிற்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஏன் என்று கேட்கும் துணிவு நம்மில் ஒருவருக்கும் வந்ததில்லை.

கடைசி ஆண்டுகளில் பார்வை மங்கியது. அப்போதும் மைப்படியைப் பிரித்துப் போடச் சொல்லி, தாளின் மேடுபள்ளத்தை விரலால் தடவிப் படித்தார். சாலை அகலப்படுத்தியபோது காணாமற்போன கல்லையும், துணி துவைக்கும் கல்லாகிப் போனதையும் கேள்விப்பட்ட நாட்களில் சாப்பாடு இறங்கவில்லை என்று வாத்தியார் வீட்டு அம்மா சொன்னார்.

மைப்படிச் சுருள்களை அம்மா வேட்டித் துணியில் சுற்றி, வசம்பு வைத்துப் பரணில் பத்திரப்படுத்தியிருக்கிறார். கூடவே வாத்தியார் கைப்பட எழுதிய பட்டியல் ஒன்றும் இருக்கிறது: பார்த்தும் படியெடுக்க முடியாமற்போன கற்கள், ஊர், ஏரி, வரப்புக்குச் சொந்தக்காரர் பெயர் சகிதம். தை அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும் போகலாம் என்று பழைய மாணவர்கள் பேசி வைத்திருக்கிறோம். தூரிகையை அம்மா எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.