காசோலையில் யார் பெயர்?

'விவசாயிக்கு மானியம்' என்ற சொற்றொடரில் இரண்டாவது சொல்லைப் பற்றித்தான் எப்போதும் சண்டை போடுகிறோம். கொடுக்கலாமா, கூடாதா, எவ்வளவு? முதல் சொல்லை யாரும் தொடுவதில்லை. அமெரிக்கத் தென்மாநிலங்களின் பருத்தி வயல்களில் 1933க்குப் பின் நடந்ததை வாசிக்கும்போது, யார் அந்த விவசாயி என்பதில்தான் எல்லாமே தங்கியிருந்தது தெரிகிறது.

1929இல் ராத்தல் 16 சென்ட் அளவில் விற்ற பருத்தி 1931இல் 6 சென்டுக்கும் கீழே போயிற்று. ரூஸ்வெல்ட் அரசு 1933 மே மாதம் வேளாண் சரிக்கட்டல் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதற்குள் விதைத்தாயிற்று. ஆகவே, வளர்ந்து நின்ற செடியை உழுது அழிப்பதற்குப் பணம். அழிந்தது சுமார் 1 கோடி ஏக்கர். பட்டுவாடா 10 கோடி டாலருக்கும் மேல். (வரிசைகளுக்கு நடுவே நடக்கப் பழகிய கோவேறு கழுதைகள் செடியை மிதிக்க மறுத்ததாக அந்நாளில் சொல்லிச் சிரித்தார்கள்.)

உழுதது யார்? பெரும்பாலும் வாரத்துக்குப் பயிரிட்ட குடும்பங்கள், கறுப்பரும் வெள்ளையரும். நிலம், கழுதை, விதை எல்லாம் முதலாளியுடையது. விளைச்சலில் பாதி இவர்களுக்கு. அதிலும் பண்ணைக் கடைப் பற்று போக மிச்சம் என்னவோ அதுதான். 1934-35 ஒப்பந்தக் கணக்கைப் பாருங்கள்: தரிசு போட்டதற்கு வாடகையாக ராத்தலுக்கு மூன்றரை சென்ட், விலையை ஈடுகட்ட இன்னொரு சென்ட். வாடகை நிலத்துக்கானது, ஆகவே முதலாளிக்கு. அந்த ஒரு சென்டில் பாதி வாரக்காரருக்கு. ஆக நாலுக்கு அரை. அந்த அரையும் முதலாளி கை வழியாகத்தான் வரவேண்டும்.

குடிகளின் எண்ணிக்கையை 'இயன்றவரை' குறைக்கக்கூடாது என்றது ஒப்பந்தத்தின் 7ஆம் பிரிவு. அந்த 'இயன்றவரை'தான் விஷயம். நிலத்தில் ஒரு பங்கு தரிசு. அப்புறம் இத்தனை குடி எதற்கு? இருந்த அதே ஆட்களையே வைத்திருக்க வேண்டும் என்று இப்பிரிவுக்குப் பொருள் சொன்ன சட்டப் பிரிவுத் தலைவர் ஜெரோம் ஃபிராங்குக்கும் கூட இருந்த சிலருக்கும் 1935 பிப்ரவரியில் வேலை போயிற்று. திட்டத்தின் நிதிப் பொறுப்பில் இருந்த ஆஸ்கர் ஜான்ஸ்டனோ, மிசிசிப்பியில் பிரிட்டிஷ் மூலதனத்தில் ஓடிய மாபெரும் பருத்திப் பண்ணையின் தலைவர். சதிக்கோட்பாடு எதுவும் வேண்டாம். கஜானாப் பக்கமும் வாங்கும் பக்கமும் ஒரே ஆள்.

மானியம் வெறும் பணமல்ல, ஒரு பெயர் சூட்டல். நிலம் வைத்திருப்பவரை 'விவசாயி'யாகக் கட்டமைத்து, மண்ணில் நிற்பவரை வரிகளுக்கு வெளியே தள்ளுகிறது. இதை எந்தக் கோட்பாட்டாளருக்கும் முன்னால் அந்த வாரக்காரர்களே கண்டுகொண்டார்கள். 1934 ஜூலையில் ஆர்க்கன்சாவின் டைரன்சாவில் 11 வெள்ளையரும் 7 கறுப்பரும் கூடித் தென்னகக் குத்தகை விவசாயிகள் சங்கத்தைத் தொடங்கினார்கள். நிறவெறி கோலோச்சிய மண்ணில் ஒரே சங்கம், ஒரே கூட்டம்! தங்கள் பங்கு தங்கள் பெயருக்கே நேராக வரவேண்டும் என்றார்கள்.

பின்னால் வந்த விதிகள் அதை ஓரளவு ஏற்றன. முதலாளிகள் அசரவில்லை. வாரக்காரருக்குத்தானே பங்கு? வாரக்காரரே இல்லையென்றால்? வெளியேற்று, தினக்கூலியாகத் திரும்ப வை. காசோலை முழுசும் உனக்கு. பலருக்கு டிராக்டர் வாங்கவும் அந்தப் பணமே ஆயிற்று.

1939 ஜனவரியில், தென்கிழக்கு மிசௌரியில் இப்படித் துரத்தப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் கறுப்பர்கள், 60, 61ஆம் எண் நெடுஞ்சாலைகளின் ஓரத்தில் கட்டில், அடுப்பு, குழந்தைகளோடு குளிரில் உட்கார்ந்தார்கள். முன்நின்றவர் ஓவன் விட்ஃபீல்ட், வாரத்துக்குப் பயிரிட்ட ஒரு போதகர். சில நாட்களில் போலீஸ் வந்து அகற்றியது. சொன்ன காரணம், பொதுச் சுகாதாரம்.