எம்விவிஎம்கிராஸ்: ஒரு திறமூலச் சட்டகத்தின் முன்வரலாறு

ஒரே செயலியை ஆண்ட்ராய்டுக்கும் ஐஃபோனுக்கும் தனித்தனியே எழுதினால் உழைப்பு இரட்டிப்பாகும். கணக்கீடும் தரவுச் சரிபார்ப்பும் இரண்டிலும் ஒன்றே. பெரிதும் வேறுபடுவது திரைத் தோற்றம். பொதுப்பகுதியை ஒருமுறை எழுதி, தோற்றத்தை மட்டும் தளத்துக்கேற்ப அமைக்க உதவும் திறமூலச் சட்டகங்களுள் ஒன்று எம்விவிஎம்கிராஸ். ஸ்டூவர்ட் லாட்ஜ் தொடங்கிய இதனைப் பின்னர் தன்னார்வ நிரலாளர்கள் பேணி வந்தனர்.

இதன் அடிப்படைக் கருத்து திறன்பேசிக்கும் முந்தையது. 1979-இல் ஸெராக்ஸின் பாலோ ஆல்ட்டோ ஆய்வகத்தில் நார்வே நாட்டுக் கணினி அறிஞர் ட்ரிக்வே ரீன்ஸ்கௌக், தரவு, தோற்றம், பயனரின் செயல் ஆகியவற்றைப் பிரித்தாளும் எம்விசி முறையை வகுத்தார். 2005-இல் மைக்ரோசாஃப்டின் ஜான் காஸ்மன் அதன் வழிவந்த எம்விவிஎம் முறையை அறிவித்தார். இதில் தரவுக்கும் திரைக்கும் இடையே ‘வியூமாடல்’ என்னும் அடுக்கு அமைகிறது. அங்கு ஒரு மதிப்பு மாறினால் தரவுப் பிணைப்பின் வழியே திரையும் மாறும். அது எந்தக் கருவியின் திரை என்பதை அவ்வடுக்கு அறிய வேண்டியதில்லை.

இம்முறை விண்டோஸைக் கடந்து திறன்பேசிகளை எட்டுவதற்கு வழியமைத்தது, டாட்நெட்டின் திறமூல வடிவமாக 2001-இல் மிகெல் தெ இகாஸா அறிவித்த மோனோ. 2009-இல் நோவெல் நிறுவனம் அதனை ‘மோனோடச்’ என்ற விற்பனைப் பொருளாக ஐஃபோனுக்குக் கொண்டுசென்றது. 2011-இல் நோவெலை அட்டாச்மேட் வாங்கியதும் மோனோ குழுவினர் பணியிழந்தனர். இகாஸாவும் நாட் ஃப்ரீட்மனும் ஸாமரின் நிறுவனத்தைத் தொடங்கினர். 2016-இல் மைக்ரோசாஃப்ட் அதனை வாங்கி, அதன் மென்பொருள் கருவிகளைத் திறமூலமாக்கியது. 2022-இல் மாவி என்னும் மாற்று வெளியானது. 2024 மே 1-ஆம் நாளுடன் ஸாமரினுக்கான ஆதரவு நிறைவுற்றது.

ஒவ்வொரு கைமாற்றத்தின்போதும் எஞ்சிய வினா ஒன்றே: முன்பு எழுதிய நிரலில் எவ்வளவு மிஞ்சும்? திரையையும் தர்க்கத்தையும் கலந்து எழுதியோர் பெரும்பகுதியைத் திருத்த நேர்ந்தது. பிரித்து எழுதியோருக்கு வியூமாடல்களைப் பெரும்பாலும் அப்படியே கொண்டுசெல்ல இயன்றது.

எனினும் சட்டகமும் ஒரு சார்பே. எம்விவிஎம்கிராஸின் மூலவகுப்பிலிருந்து பிறக்கும் வியூமாடல் நிறுவனத்தின் முடிவுகளிலிருந்து ஓரளவு விடுபட்டாலும், அச்சட்டகத்தைப் பேணுவோரை நம்பியே நிற்கிறது. திறமூல உரிமம் நிரலைத் தொடரும் உரிமையை எவருக்கும் வழங்குகிறது; தொடர்வதற்கான ஆட்களை அது வழங்குவதில்லை. மென்பொருளின் வரலாற்றை நிறுவனங்களின் வரலாறாக மட்டும் எழுதினால், ஊதியமின்றி அதனைக் காத்தோரின் உழைப்பு பதிவுறாமலே போகும்.