முதியோரின் தசை வலிமையும் உணவும்: மும்பை, தாணே தமிழர் சமையலறையில் கவனிக்க வேண்டியவை

தாணே: வயது ஏற ஏற உணவைக் குறைத்துக்கொள்வதே நல்லது என்ற எண்ணம் தமிழ்க் குடும்பங்களில் ஆழமாக வேரூன்றியுள்ளது. காலையில் தேநீரும் பன்னும், மதியம் ரசம் சாதம், இரவில் கஞ்சி என்று முடித்துக்கொள்ளும் முதியவர்களை தாராவி, மாட்டுங்கா, செம்பூர் தொடங்கி தாணே வரை காணலாம். வயிற்றுக்கு இதமான இந்த உணவுமுறை, தசைகளைப் பொறுத்தவரை ஏறக்குறைய பட்டினிதான்.

செம்பூரை அடுத்த தேவனாரில் உள்ள சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம், 45 வயதைக் கடந்த 72 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் 2017-18-ல் நாடு தழுவிய ஆய்வை நடத்தியது. அதில் கேள்விகளோடு நிற்காமல், கைப்பிடி வலிமையும் கருவி கொண்டு அளக்கப்பட்டது. கைப்பிடி தளர்வது உடலெங்கும் தசை தளர்வதன் எளிய அடையாளம் என்பதே காரணம்.

மூப்பினால் தசையின் அளவும் வலிமையும் குறைவதற்கு 'சார்கோபீனியா' என்று பெயர். அமெரிக்க ஊட்டச்சத்து அறிஞர் இர்வின் ரோசன்பர்க், சதை, இழப்பு எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களை இணைத்து 1980-களின் இறுதியில் இப்பெயரைச் சூட்டினார். முப்பது வயதுக்குப் பின் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை கரைகிறது. அறுபதைத் தாண்டினால் வேகம் கூடுகிறது. உடல் எடை மாறாமலே இது நிகழலாம், கரைந்த தசையின் இடத்தைக் கொழுப்பு நிரப்பிவிடுவதால். மின்தூக்கி இல்லாத கட்டடத்தில் மாடி ஏறுவதும், புறநகர் ரயிலின் படியில் கால் வைப்பதும் கடினமாகும்போதுதான் பலருக்கும் இது தெரியவருகிறது. அடுத்த கட்டம் விழுதலும் இடுப்பு எலும்பு முறிவும்.

முதிய தசை, புரதத்துக்கு மந்தமாகவே எதிர்வினை காட்டும். இளைஞரின் உடலில் சிறிதளவு புரதம் தூண்டும் தசை வளர்ச்சியை, முதியவரின் உடலில் தூண்ட ஒரே வேளையில் 25 முதல் 30 கிராம் தேவைப்படுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் வயது வந்தோருக்குப் பரிந்துரைத்த அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். முதியோருக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்று 2013-ல் பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று கூறியது. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது நாளொன்றுக்கு 60 முதல் 72 கிராம்.

இதைத் தமிழர் தட்டில் வைத்துக் கணக்கிட்டால் இடைவெளி புலப்படும். ஓர் இட்லியில் ஏறத்தாழ 2 கிராம் புரதமே உண்டு. மூன்று இட்லியும் தேங்காய்ச் சட்டினியும் ஏழு, எட்டு கிராமைத் தாண்டா. பருப்பு தெளிவாக இறுத்த ரசத்தில் பெயருக்குத்தான் புரதம். மாறாக ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு தம்ளர் பாலில் 6 முதல் 7 கிராம், 30 கிராம் உலர்ந்த கொண்டைக்கடலையை வேகவைத்த சுண்டலில் 6 கிராம். இரண்டு முட்டையும் ஒரு தம்ளர் பாலும் சேர்ந்தாலே காலை உணவின் கணக்கு மாறிவிடும். மீன் உண்போருக்குச் சிக்கல் குறைவு. நெத்திலிக் கருவாடு விலையிலும் எளியது. சைவர்கள் சாம்பாரைக் கெட்டியாக வைப்பதும், தயிரை மோராக்கி நீர்க்கச் செய்யாமல் உண்பதும் பலன் தரும். அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்னும் அமினோ அமிலத்தைப் பருப்பு ஈடுசெய்வதால், இரண்டையும் சேர்த்து உண்ணும் பழக்கம் பொருத்தமானதே. பருப்பின் அளவுதான் போதவில்லை.

மராட்டிய அண்டை வீட்டாரிடம் இதற்கு நல்ல விடைகள் உண்டு. முளைகட்டிய நரிப்பயறு அல்லது பச்சைப்பயறில் செய்யும் உசல், கடலைமாவில் கிளறும் பிட்லா ஆகியவை பல் இல்லாதவர்களும் உண்ணத்தக்கவை. தாணேயின் புகழ்பெற்ற மிசலும் பயறுதான் எனினும், மேலே மிதக்கும் காரமும் எண்ணெயும் எல்லா வயிற்றுக்கும் ஒத்துவராது. விரத நாளின் ஜவ்வரிசிக் கிச்சடி வயிற்றை நிரப்பினாலும், அதிலுள்ள வேர்க்கடலையை நீக்கினால் புரதம் ஏதும் மிஞ்சாது.

விலையும் ஒரு தடை. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் தகுதியுள்ளோருக்குத் தலைக்கு மாதம் 5 கிலோ தானியத்தை உறுதி செய்கிறது. பருப்பை அது உறுதி செய்யவில்லை. தமிழ்நாட்டு நியாயவிலைக் கடைகளில் கிலோ 30 ரூபாய்க்குத் துவரம்பருப்பு வாங்கிய குடும்பம், தாராவிக்கு வந்தபின் அதைச் சந்தை விலையில் வாங்குகிறது.

மிகுந்த இழப்பு நேர்வது நோய்ப்படுக்கையில்தான். சராசரியாக 67 வயதுடைய ஆரோக்கியமான 12 பேரை 10 நாள் படுக்கையிலேயே வைத்து 2007-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ கொழுப்பற்ற திசு குறைந்தது. அவர்கள் அப்போது வழக்கமான அளவு புரதம் உண்டவர்கள். நம் வீடுகளிலோ மருத்துவமனையிலிருந்து திரும்பியவருக்கு வாரக்கணக்கில் கஞ்சியும் ரஸ்கும் தருவதே அன்பின் முறையாக இருக்கிறது. கஞ்சியில் பாசிப்பருப்பைச் சரிபாதியாகச் சேர்ப்பது, பால் ஊற்றுவது, முட்டை தருவது ஆகியவை அதே அன்பைத் தசைக்கும் கொண்டுசேர்க்கும்.

உணவு மட்டும் போதுமா என்பதற்கு பாஸ்டன் முதியோர் இல்லம் ஒன்றில் நடந்து 1994-ல் வெளியான ஆய்வு விடை தந்தது. சராசரி வயது 87 கொண்ட 100 பேரில், 10 வாரம் எடைப் பயிற்சி செய்தவர்களின் தசை வலிமை இரு மடங்குக்கும் மேலானது. பயிற்சியின்றி ஊட்டச்சத்துப் பானம் மட்டும் அருந்தியவர்களுக்கு வலிமை கூடவில்லை. மாசுண்டா ஏரிக்கரையில் நடப்பது இதயத்துக்கு நல்லது. தொடைத் தசைக்கு அதனுடன் நாற்காலியிலிருந்து எழுந்து அமரும் பயிற்சியும் வேண்டும்.

சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. நீண்டகால நீரிழிவு உள்ளோர் முதலில் சிறுநீரகச் செயல்பாட்டைப் பரிசோதித்துக்கொள்வது அவசியம். விலையுயர்ந்த புரதப் பொடி பெரும்பாலோருக்குத் தேவைப்படாது.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து அமர வேண்டும். இதற்கு 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் தசைத் தளர்வு இருக்கலாம் என்று கருதி மருத்துவரை அணுகலாம் என்பது ஆசிய வல்லுநர் குழு 2019-ல் வகுத்த அளவுகோல். கைப்பிடி வலிமையில் ஆண்களுக்கு 28 கிலோவும் பெண்களுக்கு 18 கிலோவும் அக்குழு குறித்த குறைந்தபட்ச எல்லைகளாகும்.