மரகதத்துள் மறைந்திருந்த மூலகம்

மரகதம் ஆழ்ந்த பசுமை உடையது, விலையால் உயர்ந்தது. பெரில் என்னும் கல்லோ பெரும்பாலும் வெளிறிய பசுமையோ நீலமோ உடையது, விலையாற் குறைந்தது. ஆயினும் இவ்விரண்டும் ஓரினத்தவை என்னும் கருத்து வழங்கியதை உரோம அறிஞர் பிளினி முதலாம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். பெரில் இந்தியாவில் விளைவது, பிறநாடுகளில் அரிதாகவே காணப்படுவது என்றும் அவர் குறித்தார். கொங்கு நாட்டிலே, காங்கேயத்தை அடுத்த படியூரில் இக்கல் அகழப்பட்டது. பெரில் என்னும் கிரேக்கவழிச் சொல்லே தென்னாட்டு ஊர்ப்பெயர் ஒன்றிலிருந்து பிறந்திருக்கலாம் என மொழியியலார் சிலர் கருதுவர்.

பிளினி குறித்த அக்கருத்து மெய்யென நிறுவப்படுவதற்குப் பதினேழு நூற்றாண்டுகள் சென்றன. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், பாரிஸ் நகரத்துக் கனிப்பொருளியல் அறிஞர் அயுயி இரு கற்களின் பளிங்குருவங்களையும் ஒப்பிட்டார். வடிவம், வன்மை, அடர்த்தி ஆகிய மூன்றும் ஒத்திருந்தன. உருவம் ஒன்றாயின் உட்பொருளும் ஒன்றாதல் வேண்டுமன்றோ? இவ்வினாவுக்கு விடை காணும் பணி இரசாயனர் வோக்கலினிடம் வந்து சேர்ந்தது.

அதற்கு முன்னர் இக்கற்களைப் பகுத்தோர் சிலிக்காவையும் அலுமினாவையுமே பெரும்பகுதியாகக் கண்டனர். வோக்கலின் 1798ஆம் ஆண்டில், அலுமினா என்று எண்ணப்பட்ட வெண்ணிறப் பொருளை மேலும் சோதித்தார். அது அலுமினாவைப் போலவே காரத்திற் கரைந்தது. ஆனால் அக்கரைசலைக் கொதிக்கவைத்தபோது அதன் ஒரு பகுதி மீண்டும் வீழ்படிவாயிற்று. அலுமினா கரையாத அமோனியம் காபனேற்றுக் கரைசலில் அப்பகுதி கரைந்தது. அதிலிருந்து படிகாரம் உண்டாக்கவும் இயலவில்லை. ஆகவே அலுமினாவின் போர்வையில் வேறொரு மூலகத்தின் ஒட்சைட்டு ஒளிந்திருந்தது தெளிவாயிற்று. இரு கற்களிலும் அது இருந்தது. மரகதத்தின் ஆழ்ந்த பசுமைக்குக் காரணம், வோக்கலினே முந்திய ஆண்டிற் கண்டுபிடித்த குரோமியம் சிற்றளவிற் கலந்திருந்தமையாகும்.

புதிய பொருளின் உப்புக்கள் நாவில் இனித்தன. எனவே அதற்கு இனிமை என்னும் பொருள்பட ‘குளுசின்’ என்ற பெயர் சூட்டப்பட்டது. வேறு சில மண்களின் உப்புக்களும் இனிக்குமாதலால் அப்பெயர் பொருந்தாது என்று செர்மனியில் மறுப்பு எழுந்தது. 1828ஆம் ஆண்டில் செர்மனியில் வோலரும் பிரான்சிற் பியூசியும், ஒருவரையொருவர் சாராது, இதன் குளோரைட்டைப் பொற்றாசியத்தோடு சூடாக்கி உலோகத்தைப் பிரித்தெடுத்தனர். வோலர் அதனைப் பெரிலியம் என்றார். இரு பெயர்களும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை வழங்கிவந்தன. இறுதியிற் பெரிலியமே நிலைத்தது.

பெயரைவிடப் பெரிய வழக்கு ஒன்று இதன் அணுநிறை பற்றி எழுந்தது. பெரிலியம் ஏறத்தாழ 4.5 பங்கு, ஒட்சிசன் 8 பங்குடன் சேரும் என்பது தெரிந்திருந்தது. இதன் வலுவளவு இரண்டாயின் அணுநிறை 9, மூன்றாயின் 13.5. அலுமினியத்தின் வலுவளவு மூன்று. பெரிலியம் அலுமினியத்தைப் பெரிதும் ஒத்திருந்தமையாற் பலர் மூன்றென்றே கொண்டனர்.

1869ஆம் ஆண்டில் உருசிய அறிஞர் மெண்டலீவ் மூலகங்களை அணுநிறை வரிசையில் அட்டவணைப்படுத்தினார். 13.5 என்பது காபனின் 12க்கும் நைதரசனின் 14க்கும் இடைப்பட்டது; அங்கே இடமில்லை. ஒன்பதாயின், இலிதியத்துக்கும் போரனுக்கும் நடுவே, மகனீசியத்தின் தலைமாட்டில் இடமொன்று இருந்தது. எனவே வலுவளவு இரண்டே என்றார் மெண்டலீவ்.

சுவீடன் நாட்டு நில்சனும் பெற்றர்சனும் இதனை ஏற்றிலர். ஒரு மூலகத்தின் தன்வெப்பத்தை அணுநிறையாற் பெருக்கினால் ஏறத்தாழ 6 வருதல் வேண்டும் என்பது அக்காலத்து விதி. அவர்கள் பெரிலியத்தின் தன்வெப்பத்தை அளந்தனர், ஏறத்தாழ 0.41 வந்தது. அதனை 13.5ஆற் பெருக்கினால் 5.5, ஒன்பதாற் பெருக்கினால் 3.7 மட்டுமே. அளவை உண்மையெனில் அட்டவணை பொய்யாதல் வேண்டும். இவ்வாதத்தின் நடுவே, 1879இல், நில்சன் இசுக்காந்தியம் என்னும் மூலகத்தைக் கண்டுபிடித்தார். அதுவோ மெண்டலீவ் முன்கூட்டியே சொல்லிவைத்த மூலகமாக முடிந்தது! ஒரு கையால் அட்டவணைக்குச் சான்று அளித்தவர், மறு கையால் அதனை மறுத்துநின்றார்.

வழக்கைத் தீர்க்கும் சோதனையையும் அவ்விருவருமே செய்தனர். பெரிலியம் குளோரைட்டின் ஆவி, வலுவளவு மூன்றாயின், வளியைப்போல் நான்கு மடங்குக்குச் சிறிது மேலான அடர்த்தி உடையதாதல் வேண்டும், இரண்டாயின் 2.8 மடங்கு. 1884ஆம் ஆண்டில் அவர்கள் அளந்து கண்டது பின்னதையே. தம் கொள்கை தவறென்பதை அவர்கள் வெளிப்படையாக ஒப்புக்கொண்டனர். பெரிலியத்தின் தன்வெப்பம் வெப்பநிலையோடு வெகுவாக உயரும் என்பதும், சாதாரண வெப்பநிலையில் அவ்விதி இதற்குப் பொருந்தாது என்பதும் பின்னர் விளங்கின.

அவ்வாறாயின் அலுமினியத்தோடு ஒற்றுமை ஏன்? பெரிலியத்தின் அணுவெண் 4; வெளியோட்டிலுள்ள இலத்திரன்கள் இரண்டு. அவற்றை இழந்த அயன் மிகச் சிறியது. சிறிய உருவில் இரட்டை ஏற்றம் செறிந்திருக்கின்றது. அலுமினிய அயனோ சற்றுப் பெரியது. மும்மடி ஏற்றம் உடையது. ஏற்றச் செறிவு நெருங்கியிருத்தலால் நடத்தையும் நெருங்குகின்றது. இருவகை ஒட்சைட்டுக்களும் அமிலம், காரம் ஆகிய இரண்டோடும் தாக்கமுறுவது இதனாலேயே. அட்டவணையில் மூலைவிட்டமாக அமைந்த இவ்வுறவு மாணவர் மறத்தலாகாத ஒன்று. இலங்கை மண்ணிற் கிடைக்கும் வைடூரியம் இவ்விரு மூலகங்களும் ஒட்சிசனோடு கூடிய சேர்வையே ஆகும்.

1932ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் சாட்விக் நியூத்திரனைக் கண்டறிந்தது, பெரிலியத்தின்மீது அல்பாத் துணிக்கைகளை மோதச் செய்தே. அத்தகைய உலோகத்தின் இனிமையில் வஞ்சகமும் இருந்தது. அதன் நுண்டுகளைச் சுவாசித்த தொழிலாளர் பலர் நுரையீரல் நோயுற்றனர். சிலருக்கு நோய் பல ஆண்டுகள் கழித்தே வெளிப்பட்டது. அமெரிக்காவில் ஒளிர்விளக்குச் செய்வோர் பெரிலியச் சேர்வைகளை 1949ஆம் ஆண்டிற் கைவிட்டனர். அன்றைய இரசாயனர் நாவினாற் சோதித்தனர். இன்று ஆய்வுகூடத்தில் எப்பொருளையும் சுவைத்தலாகாது என்னும் விதி ஏன் விதிக்கப்பட்டது என்பதற்கு, இனிக்கும் இவ்வுப்பே தக்க சான்றாகும்.