கொலராடோ ஆற்றைப் பங்கிட்ட கணக்கு

அமெரிக்காவின் ராக்கி மலைப் பனி உருகிப் பிறப்பது கொலராடோ ஆறு. இதன் வடிநிலம் ஏழு மாநிலங்களில் பரவியுள்ளது. முதலில் எடுத்துப் பயன்படுத்தியவருக்கே முதல் உரிமை என்பது அப்பகுதியின் நீர்ச் சட்டம். மாநில எல்லை கடந்தும் இவ்விதி செல்லும் என 1922 ஜூனில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விரைவாக வளர்ந்துவந்த கலிபோர்னியா முழு ஆற்றையும் தனதாக்கிக் கொள்ளுமோ என்று மேல்பகுதி மாநிலங்கள் அஞ்சின. அவ்வாண்டு நவம்பரில், பின்னாளில் குடியரசுத் தலைவரான ஹெர்பர்ட் ஹூவர் தலைமையில், பேராளர்கள் உடன்பாடு கண்டனர். மேல்பகுதிக்கு ஆண்டுக்கு 327 டி.எம்.சி., கீழ்ப்பகுதிக்கும் அவ்வளவே. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி.)

பாதிக்குப் பாதி; நேர்மையான பங்கீடுதானே என்று தோன்றும். ஆனால் இரு பகுதிகளையும் பிரிக்கும் லீஸ் ஃபெரியில் நீரளவு நிலையம் தோன்றியதே 1921-இல்தான்! கீழே வேறு இடங்களில் சில பத்தாண்டுகள் அளந்ததை வைத்து, ஆண்டுச் சராசரி 700 டி.எம்.சி.க்கு மேல் என்று மதிப்பிட்டனர். ஊசலின் அலைவு நேரத்தை ஒருமுறை மட்டும் அளந்து விடை எழுதும் மாணவனை நாம் விடுவோமா? 1976-இல் ஸ்டாக்டன், ஜேக்கபி என்னும் ஆய்வாளர்கள் பழைய மரங்களின் ஆண்டு வளையங்களிலிருந்து நானூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட நீரோட்டத்தைக் கணித்தனர். சராசரி ஏறத்தாழ 590 டி.எம்.சி.தான். பங்கிட்டோர் நம்பிய ஆண்டுகள் வழக்கத்துக்கு மாறாக நீர் மிகுந்தவை. இதற்கிடையே, 1944-இல் மெக்சிகோவுக்கும் 65 டி.எம்.சி. உறுதியளித்தாயிற்று.

என் கருத்தில், அளவீட்டுப் பிழையைவிடப் பெரிய குறை பங்கிட்ட முறையில் இருந்தது. விகிதத்தில் பங்கிட்டால் பற்றாக்குறையும் விகிதப்படி பிரியும். அளவில் பங்கிட்டால் அது யாரேனும் ஒருவர் தலையில் விழும். லீஸ் ஃபெரியைக் கடக்கும் நீர், எந்தத் தொடர்ச்சியான பத்து ஆண்டுகளிலும் மொத்தம் 3,270 டி.எம்.சி.க்குக் குறைய மேல்பகுதி காரணமாகக் கூடாது என்பது உடன்பாட்டின் விதி. மிஞ்சுவது எவ்வளவு என்று அறியாத மேல்பகுதி மாநிலங்கள் 1948-இல் தமக்குள் பங்கிட்டபோது சதவீதத்தையே நாடின: கொலராடோ 51.75, யூட்டா 23, வயோமிங் 14, நியூ மெக்சிகோ 11.25.

பேச்சு நடந்த அறையில் அந்நிலத்தின் பழங்குடியினர் எவரும் இல்லை. அவர்களது ஒதுக்கீட்டு நிலங்களுக்கு நீருரிமை உண்டென்று உச்ச நீதிமன்றம் 1908-லேயே கூறியிருந்தது. எனினும் உடன்பாட்டில் அவர்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வாக்கியம். அதிலும் எவ்வளவு நீர் என்று இல்லை.

1968-இல் அரிசோனா ஒரு பெரிய கால்வாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் பெற்றது. பற்றாக்குறை வந்தால் அக்கால்வாயின் நீர் கலிபோர்னியாவின் பங்குக்குப் பின்தான் என்பது விலை. 2021 ஆகஸ்டில், மீட் நீர்த்தேக்கத்துக்கு முதன்முறையாகப் பற்றாக்குறை அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டுக்கு அரிசோனா இழந்தது சுமார் 22 டி.எம்.சி.; அதன் சுமை பெரிதும் நடு அரிசோனா உழவர்கள் மேல் விழுந்தது. நெவாடாவும் மெக்சிகோவும் சிறிது இழந்தன. கலிபோர்னியாவுக்கு அவ்வறிவிப்பில் குறைப்பு எதுவும் இல்லை.