காலி வீடு யார் கணக்கில்? செங்கல்பட்டு – மாமல்லபுரம் கடற்கரையில் தற்காலிகக் குடியிருப்பு ஏற்பாடுகளின் வரலாறு

வெள்ளத்தாலோ புயலாலோ சில மாதங்களுக்கு வீடிழந்து நிற்கும் குடும்பத்தை, வாடகைக்கு விட மனமுள்ள தனியார் வீட்டுக்காரரிடம் கொண்டு சேர்ப்பது இங்கிலாந்தில் உள்ளாட்சிகளின் அன்றாட அலுவல். தனியார் வாடகை வீடு ஒன்றைப் பார்த்துக் கொடுத்தே வீடற்றோர் மீதான தம் கடமையை அவை முடித்துக்கொள்ள, 2011ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. செங்கல்பட்டு மாவட்டத்தில் இந்த வேலையைப் புரோக்கரும் டீக்கடையும் சொந்தக்காரர்களும்தான் பார்க்கிறார்கள். எனினும் அத்தகைய ஏற்பாட்டுக்கு வேண்டிய உறுப்புகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு காலத்தில் அரசின் கையில் இருந்தவையே. அவை ஒரே மேசைக்கு வந்து சேராததுதான் இக்கட்டுரை பின்தொடரும் கதை.

முதல் உறுப்பு, எந்த வீடு காலி என்ற தகவல். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிறந்த வாடகைக் கட்டுப்பாட்டு ஆணைகள் 1946, 1949, 1960 ஆகிய ஆண்டுகளில் சட்டங்களாக உருமாறின. 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவு இன்று படிப்பவரை வியக்கவைக்கும். வீடு காலியானால் ஏழு நாட்களுக்குள் உரிமையாளர் அதிகாரம் பெற்ற அலுவலருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அரசுக்கு அந்த வீடு தேவையில்லை என்றான பிறகே தன் விருப்பப்படி வாடகைக்கு விடலாம். காலி வீட்டையும் ஆளையும் பொருத்தும் முழு அதிகாரம் அரசிடம் இருந்தது என்றே சொல்லலாம். அது யாருக்குப் பயன்பட்டது? அரசு அலுவலகங்கள், உள்ளாட்சிகள், பொது நிறுவனங்கள், மாற்றலாகி வரும் அதிகாரிகள் ஆகியோருக்கு. வீடற்றவர் அந்தப் பட்டியலில் இல்லை. சட்டத்தின் எல்லையும் நகரங்களோடும் நகராட்சிகளோடும் நின்றது. பிற ஊர்களுக்குத் தனி அறிவிக்கை வேண்டும். நகராட்சியாக இருந்த செங்கல்பட்டு உள்ளே வந்தது. கடற்கரைக் குப்பங்களில் இருந்தவை பெரும்பாலும் புறம்போக்குக் குடிசைகள். வாடகைச் சட்டம் அவற்றை எட்டிப் பார்த்திருக்க வழியில்லை. வாடகையும் கட்டுக்குள், வீடும் அரசின் கண்ணுக்குள் என்றானதால், விட மனமிருந்தவர்களும் பூட்டி வைப்பதே மேல் என்று ஒதுங்கியிருப்பார்கள் என நினைக்கிறேன்.

அந்தச் சட்டம் எட்டாத கடற்கரையில் 2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமி, தமிழ்நாட்டில் சுமார் 8,000 உயிர்களைக் கொண்டுபோனது. செங்கல்பட்டும் அடங்கியிருந்த அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் பலியானோர் சுமார் 130 பேர். வீடிழந்தவர்கள் அதைவிடப் பன்மடங்கு. பள்ளிக்கூடங்களும் கல்யாண மண்டபங்களும் முதல் சில நாட்களுக்குத் தாங்கின. அடுத்து வந்தவை தார் ஷீட் கொட்டகைகள். வெயிலில் உள்ளே உட்கார முடியாது என்ற புகார் கடற்கரை நெடுகக் கேட்டது. 2005 மார்ச் 30 அன்று வெளியான அரசாணை 172, நிரந்தர வீடு, கடலிலிருந்து 200 மீட்டர் தூரம், பழைய மனையை விட்டுக்கொடுத்தல் ஆகியவற்றை விரிவாகப் பேசியது. நிரந்தர வீடு எழும்பும் வரையிலான இடைக்காலத்துக்குக் கொட்டகையே விடையாக நின்றது.

வாடகை வீடு ஏன் தீர்வாகவில்லை? கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் முதல் மாமல்லபுரம் வரை வார இறுதிக்கு மட்டும் திறக்கும் பங்களாக்கள் இருந்தன. மாமல்லபுரத்து ஒத்தவாடைத் தெருவில் வெளிநாட்டுப் பயணிகளுக்கான விடுதி அறைகள் இருந்தன. கூரைக்குப் பஞ்சமில்லை. ஆனால் படகையும் வலையையும் விட்டு மீனவர் விலகி இருக்க முடியாது. நிவாரணப் பங்கீட்டிலிருந்து தொழில் வழக்குகள் வரை மீனவர் பஞ்சாயத்து வழியாகவே நடந்ததால், குப்பம் சிதறினால் பேரம் பேசும் பலமும் சிதறும். இன்னொரு பக்கம், சாதியும் மீன் வாடையும் வாசலிலேயே கேள்வியாக நிற்கும். அட்வான்ஸ் கொடுக்கக் கையில் காசும் கிடையாது. இதே சுனாமிக்குப் பின் இந்தோனேசியாவின் அச்சேயில் சுவிட்சர்லாந்து அரசின் உதவி அமைப்பு வேறு வழி பார்த்தது: வீடிழந்தோரைத் தங்கவைத்திருந்த குடும்பங்களுக்கு நேரடியாகப் பணம் கொடுத்தது. இங்கே அடைக்கலம் தந்த உறவினர்களின் செலவு எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

இரண்டாவது உறுப்பான பணம் பிந்தியே வந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் வரை வீடுகள் மூழ்கியபோது நிரந்தர வீட்டுக்கு ரூ.5,000, குடிசைக்கு ரூ.10,000 நிவாரணம். 2023 மிக்ஜாம் புயலின்போது ரூ.6,000. இவை எதற்கும் செலவழிக்கத்தக்க தொகைகள். வீடு பிடிக்க அட்வான்ஸுக்கே போதாது. வாடகைக்கென்றே அமைந்தது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் கருணைத்தொகைதான். பழைய அடுக்குமாடிகளை இடித்துக் கட்டும்வரை வெளியே தங்க ரூ.8,000 என்றிருந்தது ரூ.24,000 ஆக உயர்ந்தது. அங்கும் வீடு தேடும் வேலை குடும்பத்தின் தலையில்தான்.

மூன்றாவது உறுப்பு உத்தரவாதம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த, 2017ஆம் ஆண்டு நிலக்கிழார் – குத்தகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குபடுத்தும் சட்டம் 1960ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கியது. காலி வீட்டை அறிவிக்கும் கடமையும் அதோடு போயிற்று. எழுத்து ஒப்பந்தம், பதிவு, பொதுவாக மூன்று மாத வாடகைக்கு மேற்படாத முன்பணம் என்பன புதிய நெறிகள். வீட்டுக்காரருக்கு இருந்த பழைய அச்சம் ஓரளவு குறைந்திருக்கும். ஆனால் சில மாதங்களே தங்கவரும் ஒருவருக்காக யார் கையெழுத்திடுவது என்பதைச் சட்டம் பேசவில்லை.

மாண்டஸ் புயல் 2022 டிசம்பர் 9 இரவில் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. அப்போதும் தங்க வைக்கும் ஏற்பாடு என்றால் நிவாரண முகாம்தான். ஆனால் 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாடகை அதிகாரி துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாதவர். முகாம்களைத் திறப்பதும் அவர் சார்ந்த வருவாய்த் துறையே. ஒப்பந்தப் பதிவேடு அவரிடம் இருக்கிறது. புயல் மாதங்களுக்கு வீடு விடச் சம்மதிப்பவர்களின் பெயர்களை முன்கூட்டியே அதில் ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளவும், மூன்று மாத முன்பணத்துக்கு அரசே பொறுப்பேற்கவும் புதிய சட்டம் தேவைப்படாது. ஓர் அரசாணை போதும்.