பெரம்பலூர்க் குன்றுகளில் மலையேற்றம்: செட்டிகுளம் முதல் பச்சைமலை வரை

பெரம்பலூர் மாவட்டத்தின் மேற்கு எல்லையாக நிற்பது பச்சைமலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான இது, திருச்சிராப்பள்ளி, பெரம்பலூர், சேலம் மாவட்டங்களில் பரவிக் கடல் மட்டத்திலிருந்து 500 முதல் 1,000 மீட்டர் வரை உயர்கிறது. அதற்குக் கிழக்கே அரியலூர் வரை நிலம் பெரும்பாலும் சமவெளிதான். கிரிட்டேசியஸ் காலத்தில் அப்பகுதியைக் கடல் மூடியிருந்தது. அங்கே இன்றும் கிடைக்கும் அம்மோனைட் புதைபடிவங்களும், சாத்தனூரில் கிடக்கும் ஏறத்தாழ 18 மீட்டர் நீளக் கல்மரமும் அக்காலத்தவை. மேற்கே பச்சைமலை, இடையிடையே தனித்து நிற்கும் சில பாறைக் குன்றுகள்: பெரம்பலூர், அரியலூர் மாவட்டத்தார் மலையேறப் பழகிய இடங்கள் இவ்வளவே.

ஏறுவதற்காகவே ஏறும் வழக்கம் இங்கே புதிது. சாமிக்காக ஏறினார்கள், போருக்காக ஏறினார்கள், பிழைப்புக்காக ஏறி இறங்கினார்கள்.

சாமிக்காக ஏறியதே பெருந்திரளானது. செட்டிகுளத்தில் ஏகாம்பரேசுவரர் கோயில் ஊருக்குள் இருக்க, தண்டாயுதபாணி குன்றின்மேல் கரும்பு ஏந்தி நிற்கிறார். தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் காவடியோடு படியேறும் கூட்டத்தில் குழந்தைகளும் முதியவர்களும் உண்டு. இந்த வட்டாரத்தில் பலரும் முதன்முதலில் ஏறிய உயரம் இப்படியொரு கோயில் படிதான். சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலின் மரபும் ஒரு மலையோடு பிணைந்தது. மதுரகாளிக்குத் தன் இடத்தை விட்டுக்கொடுத்த செல்லியம்மன், அருகிலுள்ள பெரியசாமி மலைக்குச் சென்று அமர்ந்தாள் என்பது தலவரலாறு. திங்கள், வெள்ளி ஆகிய நாட்களில் நடை திறக்கும் அந்தக் கோயிலுக்கு வருவோரில் ஒரு பகுதியினர் மலைக்கும் போய் வருகிறார்கள். வழிபாட்டு ஏற்றத்தில் திட்டமிடல் என்று தனியாக எதுவும் இல்லை. விரதமும் குறித்த நாளும் கூட்டத்தின் துணையும் அந்த வேலையைச் செய்கின்றன.

போருக்காக ஏறியதன் அடையாளம் ரஞ்சன்குடிக் கோட்டை. பெரம்பலூருக்கு வடக்கே, சென்னை–திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டி நிற்கும் இது, ஆர்க்காடு நவாபின் கீழிருந்த ஜாகீர்தார் ஒருவர் 17-ஆம் நூற்றாண்டில் கட்டியது என்று கூறப்படுகிறது. பாறையைச் சுற்றி அகழி, அடுத்தடுத்து மூன்று மதில்கள். 18-ஆம் நூற்றாண்டில் கர்நாடகப் போர்களின் வரலாற்றை எழுதிய ராபர்ட் ஓர்ம், இந்தப் பாறையின் உயரம் சுமார் 200 அடி என்றும், அடிவார மதிலின் பெரும்பகுதி பாறையிலேயே வெட்டப்பட்டது என்றும் பதிந்திருக்கிறார். 1751-இல், நவாப் பதவிக்கான போட்டியில் முகமது அலிக்குத் துணைநின்ற ஆங்கிலப் படையும் சந்தா சாகிபுக்குத் துணைநின்ற பிரெஞ்சுப் படையும் இங்கே மோதின. கேப்டன் ஜிஞ்சன்ஸ் தலைமையிலான ஆங்கிலப் படை பின்வாங்கித் திருச்சிக்குப் போனது. இன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள அந்த மதில்களின் வழியே மேலே போவோருக்கு, கல்லில் கால் பதிக்கவும் வெயிலைக் கணக்கிடவும் இதைவிட நல்ல பயிற்சிக்களம் இம்மாவட்டத்தில் இல்லை.

ஆனால் மலையை உண்மையில் அறிந்தவர்கள் பக்தர்களும் அல்லர், படைவீரர்களும் அல்லர். பச்சைமலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரே அவர்கள். பெயரைக் கொண்டு இவர்களைக் கேரளத்தோடு இணைக்கக் கூடாது. இவர்கள் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட மூன்று சகோதரர்களின் வழியினர், சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலை எனப் பிரிந்து குடியேறினர் என்பது இவர்களிடையே வழங்கும் வரலாறு. பச்சைமலையை வண்ணாடு, தென்புறநாடு, கோம்பைநாடு முதலிய நாடுகளாகப் பிரித்து வாழ்ந்தார்கள். சாமை, தினை, வரகு, பலா, புளி, தேன் ஆகியவை தலைச்சுமையாகக் கீழே இறங்கின. உப்பும் துணியும் மேலே ஏறின. எந்த ஓடை எந்த மாதம் வற்றும், எந்தச் சரிவு மழையில் வழுக்கும் என்ற அறிவு அந்த நடையில் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்தது. 1882-ஆம் ஆண்டின் மதராஸ் வனச் சட்டம் காடுகளைக் காப்புக்காடுகளாக்கி, அந்தப் பாதைகளின் மீது அரசின் அதிகாரத்தைக் கொண்டுவந்தது. பின்னர் துறையூர்ப் பக்கமிருந்து தார்ச்சாலையும் பேருந்தும் வரவே, ஒற்றையடிப் பாதைகள் பலவற்றில் நடமாட்டம் குறைந்தது.

பொழுதுபோக்காக மலையேறும் வழக்கம் ஐரோப்பாவில் உருவானபோதும் வழிகாட்டிகள் அடிவாரத்து மக்களே. 1786-இல் மோன் பிளாங்க் சிகரத்தை முதலில் தொட்ட பல்மா, பக்கார் இருவரும் அதன் அடிவாரத்து ஷாமோனி ஊர்க்காரர்கள். 1820-இல் பனிச்சரிவில் மூன்று வழிகாட்டிகள் இறந்தபின், மறு ஆண்டே அவ்வூரில் வழிகாட்டிகளுக்கென ஓர் அமைப்பு தோன்றியது. இந்தியாவில் முறையான பயிற்சிக்கு 1954-இல் டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் விதிமுறைகள் வர ஒரு பேரிழப்பு நேர வேண்டியிருந்தது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 23 பேர் உயிரிழந்தனர். அதே ஆண்டில் மலையேற்ற ஒழுங்குமுறை விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 14 மாவட்டங்களில் 40 பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என வகைப்படுத்தி, பழங்குடி இளைஞர்கள் உள்ளிட்ட உள்ளூர் வழிகாட்டிகளுடன் திறந்தது. அந்த 14 மாவட்டங்களில் பெரம்பலூர் இல்லை. இது ஒரு குறை. ஏனெனில் இம்மாவட்டத்து அரும்பாவூரும், மலையாளப்பட்டியும், லாடபுரமும் பச்சைமலைக்கு நல்ல வாசல்கள்.

முதன்முறையாக ஏறத் திட்டமிடுபவர் இந்த வரலாற்றின் வரிசையையே பின்பற்றலாம். செட்டிகுளத்துப் படிகளில் மூச்சையும் முழங்காலையும் சோதித்துக்கொண்டு, ரஞ்சன்குடியில் ஒரு காலைப்பொழுதைக் கழித்த பிறகு பச்சைமலைக்குப் போவது நல்லது. ஏற்ற காலம் மார்கழியும் தையும். வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் ஓய்ந்திருக்கும், லாடபுரத்து மயிலூற்று அருவியிலும் கோரையாற்றிலும் நீர் எஞ்சியிருக்கும், வெயில் தாங்கும். கடும் மழையில் ஓடை திடீரெனப் பெருகும். மாசிக்குப் பிறகு சருகு காய்ந்து தீப்பிடிக்கும் அபாயம் கூடும். விடியலில் புறப்பட்டு, பிற்பகலுக்குள் அடிவாரம் திரும்பும்படி தூரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். வழியில் நீர் கிடைக்கும் என்று நம்பாமல் தேவையான நீரைக் கையோடு கொண்டுபோவதும், திரும்பும் நேரத்தை வீட்டாரிடம் சொல்லிவைப்பதும் கட்டாயம். காப்புக்காட்டுக்குள் வனத்துறையின் அனுமதியின்றி நுழையக் கூடாது. மலையூர்க்காரர் ஒருவரை உரிய கூலி பேசி உடன் அழைத்துச் செல்ல வேண்டும். அவர் திரும்பலாம் என்று சொன்னால், சிகரம் கண்ணுக்குத் தெரிந்தாலும் திரும்பிவிட வேண்டும்.